பின்பலகைப் போல்ட்டு இலக்கணம்

பாயிரம்

இலக்கண நூல் எதுவானாலும் வாசலில் ஒரு பாயிரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நம் மரபு. செய்தவன் யார், எல்லை எது, கேட்கத் தக்கவர் யார், கேட்டால் என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் அது முதலிலேயே சொல்லிவிடும். அதன்பின் வாசகர் ஏமாந்தால் அது அவர் பாடு.

செய்தவன், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில், முப்பது வயதைத் தாண்டிய மோட்டார் படகு ஒன்றைப் பெயின்ட்டைப் பார்த்து வாங்கியவன். எல்லை, ஒருபுறம் போல்ட்டின் தலை, மறுபுறம் நட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும் இரண்டு மூன்று மரை, நடுவே ஐந்து சென்டிமீட்டர் மரம். கேட்கத் தக்கவர், படகு வைத்திருப்பவர், வாங்க நினைப்பவர், அந்த நினைப்பை எப்படியாவது கெடுத்துவிடத் துடிக்கும் அவர்கள் வீட்டார். பயன், மிதத்தல்.

இனி நூல் எடுத்துக்கொண்ட பொருள். மோட்டார் படகுகள் இன்ஜின் இருக்கும் இடத்தால் முத்திறப்படும். இன்ஜின் வயிற்றுக்குள் இருந்து, தண்டு அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு வெளியேறுவது உள்ளிருப்பன. இன்ஜின் மொத்தமும் முதுகில் தொங்குவது வெளித்தொங்குவன, ஊர்ச்சொல்லில் அவுட்போர்ட். மூன்றாவது ஸ்டெர்ன்டிரைவ். இதற்கு உடம்பு வீட்டுக்குள், கால் தெருவில். கார் இன்ஜின் போன்ற ஒன்று படகுக்குள் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். புரொப்பல்லர் பொருத்திய கால் வெளியே தண்ணீரில் ஆடும். இரண்டையும் இணைக்கப் படகின் பின்பலகையில், ஒரு சிறுவன் தலையை விட்டு எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஓட்டை போட வேண்டும். தண்ணீரில் போகிற சாமானில், நீர்மட்டத்தை ஒட்டி, நாமே போடுகிற ஓட்டை.

இந்த ஏற்பாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது வோல்வோ பென்டா. 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அக்வமேட்டிக் என்ற பெயரில் வைத்தார்கள். யோசனை ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியாளருடையது. அவர் அதற்கு முன் மெர்குரி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மெர்குரி சும்மா இருக்குமா? 1961இல் மெர்குரூசர் என்று தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து அமெரிக்க ஏரிகளில் கோடிக்கணக்கான போல்ட்டுகள் பின்பலகைகளைத் துளைத்து நிற்கின்றன.

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் ஃபைபர் படகு வைத்திருக்கும் என் மச்சானிடம் தொலைபேசியில் இதை விளக்கினேன். அவன் படகில் டீசல் இன்ஜின் மேலே உட்கார்ந்திருக்கிறது. நீண்ட தண்டு விளிம்பைத் தாண்டி வெளியே போய்த் தண்ணீரில் இறங்குகிறது.

“தண்ணிக்குக் கீழ எங்க போட்ல ஓட்டையே கிடையாது அத்தான்” என்றான். “நீங்க ஓட்டையையும் போட்டுட்டு, அதை அடைக்கப் புஸ்தகமும் எழுதுறீங்க.”

நூலின் முதல் மறுப்புரை இது. பதில் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதை நேர்மையாக இங்கேயே பதிந்துவிடுகிறேன்.

பலகையியல்

போல்ட்டை அறியும் முன் போல்ட் குடியிருக்கும் வீட்டை அறிதல் வேண்டும். என்னை? வீடு இடிந்தபின் பூட்டு எத்தனை லீவர் என்று ஆராய்வதில் பயன் இல்லை ஆதலின்.

பின்பலகை ஒரு போளி. மேலும் கீழும் கண்ணாடி இழைத் தோல், நடுவே பூரணமாகப் பிளைவுட். மெர்குரூசர்க்காரர்கள் இதன் கனம் 51 மில்லிமீட்டருக்குக் குறையவும் கூடாது, 57க்கு மிகவும் கூடாது, இரு முகமும் 3 மில்லிமீட்டருக்குமேல் இணை பிசகவும் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். அளவு குறைந்தால் இன்ஜினும் காலும் ஒரே கோட்டில் நிற்கா. நிற்காதபோது தேய்வது பேரிங்.

பிளைவுட் இரு குணம் உடையது. அதன் பசை சாகாது. அதன் மரம் சாகும். நம் ஊரில் மரீன் பிளைவுட் என்று விற்கும் பலகைக்கு ஐ.எஸ். 710 என்று முத்திரை உண்டு. அந்த முத்திரை வாங்க 72 மணி நேரம் கொதிநீரில் வெந்து பிழைக்க வேண்டும். (அப்படி வெந்து தேறிய பலகை பெரும்பாலும் சென்னையில் சிங்க்குக்குக் கீழே அலமாரியாகி, கடலையே பார்க்காமல் காலம் கழிக்கிறது. மரத்துக்கும் ஜாதகம் உண்டு.) ஆனால் கொதிநீர்ச் சோதனை பசைக்குத்தான். பூஞ்சைக்குப் பசையில் அக்கறை இல்லை, அது மரத்தைத் தின்னும். மரத்தில் ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே நின்றால் பட்டினி கிடக்கும். கூடி, நெடுநாள் நீடித்தால் பந்தி விரிக்கும். மிச்சிகன் போன்ற நாட்டில் இன்னொரு விருந்தாளியும் உண்டு. குளிர்காலத்தில் பலகைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பருத்து, பிளைவுட்டின் அடுக்குகளை ஏடு ஏடாகப் பிரித்துப் படிக்கும்.

நோய் அறியும் வழி பல. சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் ‘டக்’ என்னும், கெட்ட மரம் ‘தொப்’ என்னும். பலாப்பழம் வாங்கத் தெரிந்தவருக்கு வேறு பயிற்சி தேவையில்லை. ஈரமானி வைத்துப் பார்க்கலாம். மெல்லிய துளையிட்டு வெளிவரும் தூளை முகரலாம். வெளிர் நிறத்தில் காய்ந்த தூள் வந்தால் நலம், காப்பிச் சக்கை வந்தால் வங்கிக்கணக்கைப் பார்க்கவும். படகு டிரெய்லரில் நிற்கும்போது வெளிக்காலின் மீது ஏறி நின்று மெல்லக் குதித்து, பலகை அசைகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லும் முறையும் உண்டு. எடை மிகுந்தவர்களுக்குச் சமூகத்தில் கிடைக்கும் அரிய மரியாதைகளுள் இதுவும் ஒன்று.

என் படகை நான் தட்டியபோது எல்லா இடமும் ‘டக்’. கீழே வலது மூலையில் மட்டும் ‘தொப்’. வாங்கிய பிறகுதான் தட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கசிவியல்

கசிவு மூவகைத்து: வெளிப்படை, உள்ளுறை, இறைச்சி.

போல்ட்டோடு ஒட்டி வரும் தண்ணீர் துளை முழுவதையும் கடந்து படகுக்குள் சொட்டுவது வெளிப்படைக் கசிவு. இதைக் கண்டு அலறுவோர் அறியாதார். அது நேர்மையான கசிவு. பில்ஜ் பம்ப் இறைக்கும், நாமும் பார்ப்போம், ஸ்பானரை எடுப்போம். உள்ளுறைக் கசிவு என்பது வெளியே நுழைந்து உள்ளே வராதது. பாதி வழியில் பிளைவுட்டின் இழைக்குள் திரும்பி, அங்கேயே குடித்தனம் வைத்துவிடும். படகின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. சொந்தக்காரர் ‘என் படகு சொட்டாது’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். இப்படிப் பத்து வருடம் கழிந்தபின் பலகையைத் திறந்தால் காண்பது இறைச்சி. அதற்கு உரை தேவையில்லை, பார்த்தாலே பெயர்க்காரணம் விளங்கும்.

இதனால் போந்த பொருள் என்னை எனின், சீலண்ட் பூசுவது படகுக்குள் தண்ணீர் வராமல் இருக்க என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது இரண்டாம் பட்சம். பலகைக்குள் தண்ணீர் போகாமல் இருக்கவே பூசுகிறோம். இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லவே இந்நூல் எழுந்தது. மற்றதெல்லாம் விரிவுரை.

போல்ட்டியல்

போல்ட் அளவால் குறில், நெடில் என இரண்டு. கையில் கிடைத்தது குறிலாக இருந்தால் நட்டின் நைலான் வளையம் மரையைப் பிடிக்காது. நெடிலாக இருந்தால் உள்ளே நீட்டிக்கொண்டு முழங்காலைக் கிழிக்கும். நட்டைத் தாண்டி இரண்டு மூன்று மரை தெரிவதே மாத்திரை.

உடலால் முழுமரை, அரைமரை என இரண்டு. முழுமரைப் போல்ட் தலையிலிருந்து கால்வரை மரை உடையது. அது கடையில் சுலபமாகக் கிடைக்கும், ஆதலால் எல்லாரும் வாங்குவர். இது குற்றம். மரை என்பது தண்ணீருக்குப் போட்டுக் கொடுத்த சுழல் படிக்கட்டு. பலகைக்குள் இருக்கும் பகுதி வழுவழுவென்ற தண்டாகவும், நட்டின் பக்கம் மட்டும் மரையாகவும் உள்ள அரைமரையே உத்தமம். இதற்குக் கடைக்காரர் ‘ஆர்டர் போட்டுத்தான் வரணும்’ என்பார். போடச் சொல்லுங்கள்.

திணையால் உயர்திணை, அஃறிணை, இரண்டுக்கும் பொதுவான விரவுத்திணை என மூன்று.

துத்தநாக முலாம் பூசிய சாதா எஃகு போல்ட் அஃறிணை. வேலி கட்ட, மாட்டுக்கொட்டகை போட, இரும்புக் கட்டிலுக்குக் கால் பொருத்த ஏற்றது. நீர்மட்டத்துக்குக் கீழே அதன் முலாம் சில பருவத்தில் கரையும், பிறகு எஃகு வீங்கித் துளையை அகலமாக்கிவிட்டுப் போகும். பித்தளை விரவுத்திணை. பார்க்க உயர்ந்தோர் போல இருக்கும். அது செம்பும் துத்தநாகமும் கலந்தது. கடல்நீரில் துத்தநாகம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட, மிஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சு போன்ற செம்பு. அளவுகோலுக்குப் போல்ட், ஸ்பானருக்குச் சுண்ணாம்பு.

உயர்திணையில் இரு குடி. ஒன்று சிலிக்கன் வெண்கலம். நூற்றில் தொண்ணூற்றாறு பங்கு செம்பு, மூன்று பங்கு சிலிக்கன், ஏனையது சில்லறை. மரப்படகுக்காரர்களின் குலதெய்வம். ஆனால் அலுமினியக் காலின் பக்கத்தில் அதை நிறுத்தக்கூடாது. ஏன் என்பது புணரியலில் காண்க. மற்றொன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304, 316 என இருவர். போல்ட்டின் தலையில் முன்னவருக்கு ஏ2 என்றும் பின்னவருக்கு ஏ4 என்றும் பொறித்திருக்கும். ஏ4 என்றதும் காகித அளவு என்று மயங்கற்க. இருவருக்கும் குரோமியமும் நிக்கலும் உண்டு; 316க்கு மட்டும் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் கூடுதல். அந்தக் கூடுதல் இல்லாவிட்டால் உப்பு நீரில் தேநீர் வடிந்த மாதிரிக் கறை இறங்கும். இருவரையும் காந்தம் வைத்துப் பிரித்துவிடலாம் என்று கடையில் ஒருவர் செய்து காட்டுவார். காந்தம் இரண்டிலும் சரியாக ஒட்டாது, பிரித்தும் சொல்லாது. அது வித்தை, பரீட்சை ஆகாது. தலையில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்.

‘அற்றேல், 316 வாங்கிவிட்டால் தீர்ந்ததா?’ எனின், தீரவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காதது தன் வலிமையால் அன்று, காற்றின் தயவால். ஆக்சிஜன் பட்டால் மேலே குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலம் போர்த்திக்கொள்ளும். கீறினாலும் மறுபடி போர்த்தும். ஈரமான பிளைவுட்டுக்குள் காற்றில்லாமல் புதைந்தால் போர்வையும் இல்லை. அங்கே அது குழிகுழியாக அரிக்கும். வெளியே தெரியும் தலை வெள்ளிப் பாத்திரம் போல மின்னும். உருவிப் பார்த்தால் கழுத்து தீக்குச்சி கனத்துக்கு மெலிந்திருக்கும். இதனால் அறியப்படுவது, நல்ல போல்ட் கெட்ட துளையைக் காப்பாற்றாது. கெட்ட துளை நல்ல போல்ட்டையும் தின்னும்.

புணரியல்

இருசொல் புணரும்போது இயல்பாகவும் புணரும், விகாரமாகவும் புணரும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்தோம். உலோகங்களும் அவ்வாறே. ஸ்டெர்ன்டிரைவின் வெளிக்காலும், அதைப் பின்பலகையோடு பிணைக்கும் கூடும் அலுமினியம். போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டும் தொட்டுக்கொண்டு, மேலே உப்புநீரும் பட்டால் ஒரு சிறிய பேட்டரி உருவாகிறது. அலுமினியம் எதிர்மின் பக்கம் தாழ்ந்தது, ஆதலின் கரைவது அதுவே.

விகாரம் மூன்று. தோன்றல்: போல்ட்டின் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி தோன்றும். திரிதல்: பெயின்ட் கொப்புளமாகத் திரியும். கெடுதல்: கெடுதலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் புளோரிடாக் கடலோரப் படகுத்துறைகளில் பழைய வெளிக்கால்களைப் பார்க்கவும். என் ஏரி நன்னீர். மின்சாரம் அவ்வளவாக ஓடாது. அதனால் நன்னீர்ப் படகு விற்பவர்கள் விளம்பரத்தில் ‘உப்புத் தண்ணி பட்டதே இல்லை’ என்று வரன் பார்க்கும் தோரணையில் எழுதுகிறார்கள்.

புணர்ச்சியில் ஆள்பலமும் கணக்கு. பெரிய அலுமினியக் கூட்டில் சிறிய ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் அரிப்பு பரந்து, மெல்ல நடக்கும். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சிறிய அலுமினிய ரிவிட் என்றால் ரிவிட் அடுத்த வருடம் இருக்காது. இரண்டு உயிரெழுத்துகள் நேருக்கு நேர் நிற்க மறுத்தால் நடுவே உடம்படுமெய் வருவது போல, இங்கே சீலண்ட் வருகிறது. போல்ட்டின் தண்டிலும் தலைக்கடியிலும் பூசினால் அது தண்ணீரையும் தடுக்கும், இரு உலோகத்தையும் பிரித்தும் வைக்கும். அதற்குமேலும் நடப்பதற்குப் பலியாடு ஒன்று கட்டி வைப்பார்கள், அனோடு என்று பெயர். உப்புநீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம், இரண்டும் கலந்த கழிமுகத்துக்கு அலுமினியக் கலவை. ஆடு முழுசாக, புத்தம் புதிதாக இருக்கிறதே என்று மகிழ்வோர் உளர். அது கரையவில்லை என்றால் இணைப்பு அறுந்திருக்கிறது, அல்லது யாரோ அதற்கும் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட்டை அலுமினியக் காலில் அடிப்பது பற்றி இந்நூல் ஒன்றும் சொல்லாது. அது கொலைவழக்கு.

ஒட்டியல்

துளையை அடைக்கும் கலைக்குத் தமிழில் கலப்பற்று என்று அழகான சொல் இருக்கிறது. கலத்தைப் பற்றி நிற்பதால் கலப்பற்று என்று பிரித்துப் பூரிப்பார் உளர். அரபியிலும் போர்த்துகீசியத்திலும் ஏறக்குறைய இதே ஒலியோடு இதே பொருளில் சொல் இருப்பதைக் காட்டி அவர்கள் பூரிப்பைக் கெடுப்பாரும் உளர். நான் இரண்டாம் கட்சி. துறைமுகத்தில் சொற்களும் இறங்கி ஏறும்.

பழைய மரக்கலங்களுக்குப் பஞ்சு, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம். மதராஸ் கடற்கரையின் மசூலா படகுகளிலோ ஆணியே கிடையாது; பலகையைப் பலகையோடு தென்னங்கயிற்றால் தைத்தார்கள். ஒவ்வொரு தையலும் இரண்டு துளை. அலையில் விழுந்து எழும்போது படகு நெளிந்து கொடுக்கும், உடையாது; கசியும், இறைத்துக் கொட்டிக்கொண்டே வருவார்கள். கசிவை வாழ்க்கையின் பகுதியாக ஏற்றுக்கொண்ட பொறியியல் அது. நடுவே பிளைவுட் பூரணம் இல்லாததால் அவர்களுக்கு அது கட்டுப்படியாகியது. நமக்கு ஆகாது.

இக்கால ஒட்டு நால்வகைப்படும்.

முதலாவது சிலிக்கோன். குளியலறை விளிம்புக்கு வாங்கியதில் மீந்த குழாய். பூசும்போது புளிக்காடி வாசனை அடிக்கும். அது அசெட்டிக் அமிலம், உலோகத்துக்கு ஆகாது. அதைவிடப் பெரிய குற்றம், அது இருந்த இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. பெயின்ட் ஒட்டாது, எப்பாக்ஸி ஒட்டாது, புதுச் சிலிக்கோனே பழைய சிலிக்கோன் மேல் ஒட்டாது. எனக்கு முன் படகு வைத்திருந்தவர் இதைத் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார். சுரண்டியெடுக்க எனக்கு இரண்டு சனி ஞாயிறு ஆயின. அந்த நாட்களில் அவரைப் பற்றி நான் தமிழில் சொன்னதை அக்கம்பக்கத்தார் மந்திரம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

இரண்டாவது பியூட்டைல் நாடா. சவ்வுமிட்டாய் போல இழுபடும். மேல்தளத்து ஜன்னலுக்கும் கைப்பிடிக்கும் நயமானது. பெட்ரோல் பட்டால் இளகும், நீர்மட்டத்துக்குக் கீழே பொறுப்பு ஏற்காது. விடுக.

மூன்றாவது பாலிசல்ஃபைடு. இதன் பிறப்பு 1926இல், கன்சாஸ் சிட்டியில். ஜோசப் பாட்ரிக் என்பவர் கார் ரேடியேட்டர் உறையாமல் இருக்க மலிவான திரவம் தேடிக் கலக்கியபோது, பாத்திரத்தில் திரவத்துக்குப் பதில் நாறும் பிசின் ஒன்று மிஞ்சியது. எந்தக் கரைப்பானிலும் கரையவில்லை. கந்தகத்துக்கும் கோந்துக்கும் உரிய கிரேக்கச் சொற்களைச் சேர்த்துத் தயோக்கோல் என்று பெயர் வைத்தார்கள். உலகத்தில் எதிலும் கரையாத ஒன்று கிடைத்தால் அதைப் படகுக்குப் பூசுவது இயல்பே. நீருக்குள் பல்லாண்டு நெகிழ்ந்து கிடக்கும். வேண்டும்போது பிரிக்கவும் விடும். சில பிளாஸ்டிக்குகளை மட்டும் அரிக்கும், அவ்விடத்தில் தவிர்க்க.

நான்காவது பாலியூரித்தேன். இவ்வினத்துப் பேரரசன் 3எம் 5200. முழுதாக இறுக ஐந்து முதல் ஏழு நாள். இறுகியபின் பிரிவென்பது இல்லை. எடுக்க முயன்றால் அடியில் இருக்கும் ஜெல்கோட்டையும் சேர்த்துச் சீதனமாகக் கேட்கும். அமெரிக்கப் படகுக்காரர்களில் பாதிப்பேர் எதற்கெடுத்தாலும் இதையே பூசுவர். மீதிப்பேர் அவர்களிடம் பழைய படகு வாங்கி அழுவர். ஸ்டெர்ன்டிரைவின் கூடு என்றேனும் ஒருநாள் கழற்றப்படவேண்டியது. ஆதலால் அதே குடும்பத்தில் சற்றே இரக்கமுள்ள 4200ஓ, பாலிசல்ஃபைடோ போதும் என்பது என் துணிபு.

கூட்டுக்கும் பலகைக்கும் நடுவே நிறுவனமே ஒரு ரப்பர் வளையம் கொடுத்திருக்கும். அது இருக்கும் இடத்தில் சீலண்டை அப்புவது, குடைக்குள் இன்னொரு குடை பிடிப்பது. வளையம் பழுதில்லாமல், பலகை முகம் மட்டமாக இருந்தால் போதும்.

இனி இவ்வியலின் உயிர்நிலை. நல்ல ஒட்டு எது என்று இவ்வளவு பேசியதும் வீண், துளையின் உட்சுவரில் மரம் தெரியுமானால். போல்ட்டுக்கு வேண்டியதைவிடப் பெரிதாகத் துளையிடுக. அதைக் கெட்டியாகக் குழைத்த எப்பாக்ஸியால் முழுதும் நிரப்புக. இறுகியபின் நடுவே போல்ட்டின் அளவுக்கு மறுபடி துளையிடுக. இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது மரம் அன்று, எப்பாக்ஸிக் குழாய். என்றேனும் சீலண்ட் தோற்றாலும் தண்ணீர் குழாய் வழியே நேராகப் படகுக்குள் சொட்டும். அதாவது உள்ளுறையாக வேண்டியது வெளிப்படையாகிவிடும். கடைசியாக வெளித்துளையின் விளிம்பை லேசாகச் சரித்து விடுக. அந்தப் பள்ளத்தில் சீலண்ட் தங்கி, இறுக்கும்போது தானே ஒரு வளையமாகும். விளிம்பு கூர்மையாக இருந்தால் பூசிய அத்தனையும் பிதுங்கி வெளியே வந்துவிடும், உள்ளே எதுவும் நிற்காது. பிதுங்கியதைப் பார்த்து ‘நன்றாகப் பூசியிருக்கிறேன்’ என்று மகிழ்வது மாந்தர் இயல்பு.

முறுக்கியல்

போல்ட்டைச் சுழற்றாதே, நட்டைச் சுழற்று. இது நூற்பா, மற்றது உரை.

போல்ட் சுழன்றால் தண்டைச் சுற்றி இருக்கும் சீலண்ட் கிழியும். எனவே வெளியே ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க, உள்ளே இன்ஜின் இடுக்கில் ஒருவர் படுத்து நட்டை முறுக்க வேண்டும். வெளியே நிற்பவர் மனைவியாயின் உள்ளே இருப்பவர் பேச்சைக் குறைத்துக்கொள்வது நலம்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் உடன்பிறந்தோர் ஆதலின், காய்ந்த மரையில் வேகமாக முறுக்கினால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒன்றாகிவிடும். பின் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நட்டுப் பக்கத்து மரையில் மட்டும் சிறிது மசகு தடவுக. அளவுக்கு மிஞ்சிய மசகு முறுக்கின் கணக்கைப் பொய்யாக்கும்.

எவ்வளவு முறுக்குவது? மெர்குரூசரில் பலகையின் உள்முகத்தில் வைக்கும் உட்தகட்டின் நட்டுகளுக்கு 27 முதல் 34 நியூட்டன் மீட்டர். ஓரடி நீள ஸ்பானரின் முனையில் பத்துக் கிலோ அரிசிப் பை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவு. கேட்பவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்று ஏமாற்றத்தோடு பார்க்கிறார்கள். இவ்வளவுதான். மரம் நசுங்கும் பொருள். அதற்குமேல் இழுத்தால் வாஷர் தோலை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கும், அந்த விரிசல் தண்ணீருக்குப் புதுவாசல். அகன்ற வாஷரோ உட்தகடோ வைப்பது பாரத்தைப் பரப்பவே. டார்க் ரெஞ்ச் இல்லாத மெக்கானிக் ‘கையே சொல்லிடும் சார்’ என்பார். கை சொல்வது உண்மைதான், ஆனால் அது லாரி டயரைப் பற்றிச் சொல்கிறது.

எப்போது முறுக்குவது என்பதில் இரு கட்சி. ஈரச் சீலண்டிலேயே முழு முறுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்பர் உடன்முறுக்கர். முதலில் மென்மையாக அணைத்துவிட்டு, சீலண்ட் ரப்பராக இறுகியபின் மறுநாள் கால் சுற்றுக் கொடுத்தால் அது கேஸ்கெட் போல அமுங்கி நிற்கும் என்பர் மறுநாள் முறுக்கர். ‘இறுகியதை மறுபடி அசைத்தால் ஒட்டு விடாதா?’ என்று முன்னவர் மறுப்பர். ‘நட்டைத்தானே சுழற்றுகிறோம், போல்ட்டை அன்றே’ என்று பின்னவர் விடையிறுப்பர். மேல்தளத்துக் கொக்கி, கைப்பிடிகளுக்கு நான் மறுநாள் கட்சி. பின்பலகைக்கு, ரப்பர் வளையத்தோடு கூடு பொருந்த வேண்டியிருப்பதால், உடன்முறுக்கர் பக்கம். கட்சி மாறுவது நம் நாட்டில் புதிதன்று.

புறனடை

இலக்கணத்தில் அடங்காதவற்றைக் கடைசியில் ஒரு புறனடையில் அடக்குவது வழக்கம்.

இத்தனை இயலும் கற்றபின் நான் என் படகின் காலைக் கழற்றி, கூட்டைக் கழற்றி, ஒவ்வொரு போல்ட்டாக உருவினேன். எல்லாம் ஸ்டெயின்லெஸ்; கழுத்து மெலியவில்லை, ஒரு புள்ளித் துரு இல்லை. துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், மரம் காய்ந்து கிடந்தது. கட்டிய தொழிற்சாலைக்காரர்கள் முப்பது வருடத்துக்கு முன்பே சரியாகச் செய்திருந்தார்கள். மச்சானுக்குச் சொன்னேன்.

“அப்ப ‘தொப்’னு கேட்டுதே, அது எங்கேருந்து அத்தான்?”

கீழே வலது மூலைக்குப் போனேன். அங்கே மீன் காட்டும் கருவியின் சென்சார், எலுமிச்சம்பழ அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, பலகையில் திருகப்பட்டிருந்தது. கருவி எப்போதோ செத்துவிட்டது. அதன் ஒயரை யாரோ வெட்டியும் விட்டிருந்தார்கள். திருகுகளைக் கழற்றியதும் துளைகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்தது, ஒரு டம்ளருக்குக் குறையாது. சுற்றிலும் ஒரு முழம் அகலத்துக்குப் பிளைவுட் இறைச்சி.

இரண்டு திருகு. போல்ட் அல்ல, மரத்தில் நேரே ஏற்றும் சாதாத் திருகு. நட்டு இல்லை, வாஷர் இல்லை, சீலண்ட் ஒரு துளியும் இல்லை. ஒவ்வொன்றும் முக்கால் அங்குல நீளம்.